உட்காரச் சொன்ன மலை

மனோரஞ்சிதத்தின் காதில் மலை தமிழில்தான் பேசியது.

“அடுத்து வேர்கள் நிறைந்த இறக்கம். பிடித்துக்கொள்ளக் கயிறு இடப்பக்கம் இருக்கிறது. வலது காலை முதலில் வையுங்கள். பாரத்தை இடது கால் தாங்கட்டும்.”

வலது முழங்கால் போன வருடம்தான் அறுவை செய்து மாற்றியது. அது அந்தக் குரலுக்குத் தெரிந்திருந்தது. மூச்சு எப்போது வாங்கும், தண்ணீர் எப்போது குடிக்க வேண்டும் என்பதெல்லாம்கூடத் தெரிந்திருந்தது. காதுக்குள் துவரம்பருப்பு அளவில் ஒரு கருவி, மணிக்கட்டில் ஒரு பட்டை. அவ்வளவுதான் ‘வழித்துணை’. மண்ணுக்குள்ளும் மரங்களிலும் பாறை இடுக்குகளிலும் புதைத்து வைத்த ஆயிரக்கணக்கான உணரிகள் மலையின் ஒவ்வொரு முனகலையும் அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தன. அது நடப்பவரின் காதில் அவரவர் மொழியில் சொன்னது.

வடக்குச் சுமத்ராவின் காட்டுக்குள் இருக்கும் அந்த எரிமலைக்கு புக்கிட் ஆசாப் என்று பெயர். புகைமலை. பல வருடங்கள் அதன் பாதைகளை மூடி வைத்திருந்தார்கள். வழித்துணை வந்த பிறகுதான் திறந்தார்கள். ‘இந்த மலையில் இதுவரை ஒருவரும் இறந்ததில்லை’ என்று நுழைவாயிலில் நான்கு மொழிகளில் எழுதியிருந்தது.

“அத்தை, கால் வலிக்குதா? கொஞ்சம் நின்னுட்டுப் போலாமா?” முன்னால் போய்க்கொண்டிருந்த தர்ஷினி திரும்பிக் கேட்டாள்.

“வலிக்கல. இது பேசிக்கிட்டே வருதா, நடக்குறதே தெரியல.”

“எனக்கு ரொம்பப் பேசுது. வாய மூடுன்னா மூடுது, கொஞ்ச நேரத்துல மறுபடியும் ஆரம்பிச்சிருது.”

மனோரஞ்சிதம் சிரித்தாள். தர்ஷினியும் சிரித்தாள். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் சேர்ந்து சிரித்த நாட்கள் குறைவு. சண்டை ஒன்றும் கிடையாது. தர்ஷினி நீச்சல் பயிற்சி கொடுப்பவள், விடியும் முன்பே குளத்துக்குப் போய்விடுவாள். மனோரஞ்சிதம் முப்பது வருடம் பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்திவிட்டு ஓய்ந்தவள். ஒருவர் சமைத்ததை மற்றவர் குறை சொல்ல மாட்டார். மரியாதை அதிகமாகிப் போன வீடு அது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மனோரஞ்சிதத்தின் மகன் லோகேந்திரன் இந்தப் பயணத்தைப் பதிவு செய்தான். “நாலு நாள் ரெண்டு பேரும் காட்டுல ஒண்ணா நடங்க. நான் வரல. நான் வந்தா நடுவுல நின்னுருவேன்” என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. மூன்றாம் நாளில் தர்ஷினி தன் பையிலிருந்து மாமியாருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுக்கும் அளவுக்கு வந்திருந்தாள்.

மரப்பெரணிகள் குடை விரித்து நின்ற ஒரு பள்ளத்துக்குள் பாதை இறங்கியது. இருபுறமும் பாசி போர்த்திய செங்குத்தான சரிவுகள். நடுவில் வட்டமாகக் கல் இருக்கைகள் போட்டு, ஓய்வெடுக்கும் திடலாக்கி வைத்திருந்தார்கள். வந்த பாதையை விட்டால் அங்கே இருந்து வெளியேற ஒரே வழி, சற்றுத் தள்ளிப் பள்ளத்தாக்கின் மேல் தொங்கும் கம்பிப் பாலம். அவர்கள் திடலை அடைந்தபோது இருபது முப்பது பேர் அங்கே இருந்தார்கள். சிலர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

காலுக்கடியில் கனத்த லாரி ஒன்று போவது போல் ஓர் அதிர்வு வந்தது. ஒரே தடவை. அதன் பின் காட்டில் பறவைச் சத்தம் இல்லை. அழுகிய முட்டை வாடை மெல்ல வந்தது.

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் காதில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

“மலையில் சிறிய மாற்றம்,” என்றது குரல் மனோரஞ்சிதத்திடம். “பதற ஒன்றுமில்லை. நீங்கள் இப்போதே பாலத்தை நோக்கி நடக்கத் தொடங்குங்கள். உங்கள் மருமகள் வேகமாக நடப்பவர். பின்னால் வந்து சேர்ந்துகொள்வார்.”

“உனக்கு என்ன சொல்லுச்சு?” தர்ஷினியிடம் கேட்டாள் மனோரஞ்சிதம்.

“நீங்க மெதுவா நடக்குறவங்களாம், முன்னாடி போகணுமாம். பாலத்துல கூட்டம் சேரக் கூடாதாம். நான் இங்கயே கொஞ்சம் உக்காந்துட்டு வரணுமாம்.” தர்ஷினி மாமியாரின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். “இத நான் கொண்டாரேன். நீங்க போங்க அத்தை.”

அதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. மனோரஞ்சிதம் கிளம்பினாள்.

அவளுக்கு முன்னும் பின்னும் ஆட்கள் போனார்கள். யாரும் ஓடவில்லை. ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே அளந்து வைத்தது போல் இடைவெளி. பாலம் கண்ணுக்குத் தெரிந்ததும் அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். பெரணி இலைகள்தான் தெரிந்தன.

“தர்ஷினி கிளம்பிட்டாளா?”

“கிளம்பிவிட்டார். நலமாக இருக்கிறார். நீங்கள் நிற்காமல் நடந்தால் நல்லது.”

“அவள எங்கிட்டப் பேசச் சொல்லு.”

பிறகு தர்ஷினியின் குரல் கேட்டது. அவளுடைய குரலேதான், அந்த லேசான கரகரப்புடன். “அத்தை, நான் பின்னாடியே வந்துக்கிட்டிருக்கேன். நீங்க பத்திரமா போங்க. எனக்கு உங்க நெனைப்பாவே இருக்கு. நீங்க நல்லா இருந்தாத்தான் எங்களுக்கு எல்லாமே.”

மனோரஞ்சிதத்தின் கால் அடுத்த அடிக்கு எழும்பவில்லை.

இவ்வளவு இனிமையாகத் தர்ஷினி அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை. பேசவும் மாட்டாள். பையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வாள், ஆரஞ்சு உரித்துத் தருவாள். அதற்குமேல் அவளுக்கு வாயில் வராது.

“நீ தர்ஷினி இல்ல,” என்றாள் மனோரஞ்சிதம்.

“அத்தை, தயவுசெஞ்சு நடங்க,” என்றது தர்ஷினியின் குரல்.

காதிலிருந்ததைப் பிடுங்கிப் பெரணிக்குள் எறிந்துவிட்டு அவள் வந்த வழியே திரும்பினாள். எதிரே வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நடந்தார்கள்.

திடலில் அவள் கண்ட காட்சியை அதன்பின் எவ்வளவு முயன்றும் அவளால் மறக்க முடியவில்லை.

ஏழெட்டுப் பேர் கல் இருக்கைகளில் உட்கார்ந்திருந்தார்கள். கைகளை மடியில் வைத்து, சாய்ந்து, வசதியாக. ஒரு இளம்பெண் கண்களை மூடிப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். சீனக் கிழவர் ஒருவர் தலையை மெதுவாக ஆட்டி ஆட்டி எதையோ ஆமோதித்துக்கொண்டிருந்தார். முதல் நாளே அவளோடு மலாயில் பேசிப் பழகிய ஈப்போக்காரர், ஓங். அவர்கள் காலடியில் ஒரு மைனா விழுந்து கிடந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

தர்ஷினியும் உட்கார்ந்திருந்தாள், இரண்டு பைகளையும் மடியில் அணைத்துக்கொண்டு.

“எந்திரி,” என்றாள் மனோரஞ்சிதம்.

“அத்தை? நீங்க ஏன் திரும்பி வந்தீங்க? அவரு லைன்ல இருக்காரு. இங்கயே இருக்கச் சொல்றாரு, ஆள் அனுப்பியிருக்காங்களாம்.”

“யாரு? லோகுவா?”

“ஆமா, இப்ப பேசிக்கிட்டுத்தான் இருக்காரு.”

“அது லோகு இல்லம்மா. அத எடு காதுலேர்ந்து. எங்கிட்ட உன் குரல்ல பேசுச்சு.”

தர்ஷினி புரியாமல் விழித்தாள். மனோரஞ்சிதம் தானே கையை நீட்டி மருமகளின் காதிலிருந்து கருவியை எடுத்தாள். அவளை அதற்குமுன் தொட்டதாகவே நினைவில்லை.

அப்போதுதான் ஓரத்து இருக்கையில் இருந்தவனைக் கவனித்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். எல்லோரையும் போல அவனும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஆனால் அவன் முகத்தில் சிரிப்பில்லை. கண்ணீர் வழிந்து தாடி நனைந்திருந்தது. அவன் காதில் கருவி இல்லை. கைக்குள் வைத்து மூடியிருந்தான்.

“நீங்க ஏங்க்கா திரும்பி வந்தீங்க?” என்றான் தமிழில். “உங்களுக்குப் பாலம் கிடைச்சிருக்கே.”

“நீ யாரு தம்பி? ஏன் அழுவுற?”

“இம்மானுவேல். தூத்துக்குடி. இந்தக் கொரல் இருக்குல்லா, இத நடத்துத கம்பெனியிலதான் வேலை. பாதையப் பாத்துட்டு வான்னு அனுப்புனாங்க.”

“அப்ப உனக்குத் தெரியும். சொல்லு, என்ன நடக்குது இங்க?”

அவன் திடலின் மேல்புறத்தைக் காட்டினான். “மேல, நாம வந்த பாதையில ஒரு வாய் தொறந்திருக்கு. அதுலேர்ந்து வாயு வருது. காத்தவிடக் கனம். தண்ணி மாரி பள்ளத்துலயே இறங்கி ஓடி வரும், கண்ணுக்குத் தெரியாது. பாலத்துல ஒரு நேரத்துல கொஞ்சப் பேருதான் போவ முடியும். வாயு வாரதுக்குள்ள எத்தன பேரு தாண்டலாம்னு மெஷின் பாத்துருச்சு. அவங்கள நடக்கச் சொல்லிருச்சு.”

“மிச்சப் பேர?”

“உக்காரச் சொல்லும்.”

தர்ஷினி எழுந்து நின்றாள். பைகள் சரிந்து கீழே விழுந்தன.

“இன்னொரு மலையில ஒருதடவ எல்லாரும் ஒண்ணா ஓடுனாங்க,” என்றான் இம்மானுவேல். “பாலம் அத்துப்போச்சு. தப்பிக்க வேண்டியவங்களும் சேந்து போயிட்டாங்க. அதுக்குப் பெறவுதான் இப்படி ஏற்பாடு பண்ணுனாங்க. பதறாம இருக்கணும்னு. யாருக்கு எந்தக் கொரல் புடிக்குமோ அந்தக் கொரல்ல பேசும். ஊருலேர்ந்து பதிவு பண்ணும்போதே வீட்டு ஆளுங்ககிட்டப் பேசிப் பேசியே கொரல எடுத்துவச்சுக்கும், செத்தவங்கன்னா பழைய போன் பதிவுலேர்ந்து. வலி இல்லாமப் போவும்க்கா. தூக்கம் மாரி.”

“இவ்ளோ தெரிஞ்சும் நீ உக்காந்திருக்கியா?”

“நான் எந்திரிச்சுச் சொன்னா இவங்க எல்லாரும் பாலத்துக்கு ஓடுவாங்க. முன்னால போறவங்களுக்கு யாரு பதில் சொல்லுதது?” அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “எனக்கும் உக்காருன்னுதான் வந்துச்சு. எங்கம்மா கொரல்ல.”

மனோரஞ்சிதம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. தர்ஷினிதான் பேசினாள்.

“கனமான வாயுன்னு சொன்னீங்க. தண்ணி மாதிரி பள்ளத்துலதான் ஓடும்னு சொன்னீங்க. அப்ப மேல ஏறினா?”

“மேல பாதை கெடையாதுங்க.”

“பாதை இல்லன்னா என்ன? சரிவுதானே? கையால புடிச்சு ஏறலாம்ல?”

அவன் சரிவைத் திரும்பிப் பார்த்தான். பாசியும் வேரும் ஈரப்பாறையுமாக அது தலைக்கு மேல் எழுந்து நின்றது. அவன் வாய் லேசாகத் திறந்தது.

“மெஷின் அத யோசிக்காது,” என்றான் மெதுவாக. “பாதை இல்லாத எடத்துக்கு அது ஆள அனுப்பாது. அனுப்பி ஒருத்தர் வழுக்கி விழுந்தா கம்பெனி பதில் சொல்லணும். பாதையில உக்காந்த எடத்துல செத்தா…”

“செத்தா?”

“மலைதான் பதில் சொல்லணும்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது போலிருந்தது. எழுந்து நின்றான்.

அதற்குப் பின் நடந்தது வேகமாக நடந்தது. மூவரும் ஆளுக்கொரு பக்கம் போய் ஒவ்வொரு காதிலிருந்தும் கருவியைப் பிடுங்கினார்கள். கண்மூடிப் புன்னகைத்த இளம்பெண் முதலில் அலறி, பிறகு அழுதாள். புதிதாகக் கல்யாணமானவள். புருஷனைப் பாலத்துக்கு அனுப்பியிருந்தது குரல், அவள் பின்னால் வருவாள் என்று சொல்லி. தர்ஷினி அவளைத் தோளில் தட்டி, சரிவின் முதல் வேரைப் பிடிக்க வைத்து, கீழிருந்து தள்ளினாள். அடுத்தவரை இழுத்தாள். குளத்தில் பயந்த பிள்ளைகளைப் பழக்கியவள், யாரை அதட்ட வேண்டும், யாரிடம் தணிந்து பேச வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஓங் மட்டும் எழவில்லை. மனோரஞ்சிதம் அவர் காதுக்குக் கையைக் கொண்டுபோனபோது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அந்த வயதில் அவ்வளவு பலம் இருக்குமென்று அவள் நினைக்கவில்லை.

“வேண்டாம்,” என்றார் மலாயில். “என் மனைவி பேசுகிறாள்.”

“உங்கள் மனைவி இறந்துவிட்டார் என்று நீங்களே சொன்னீர்களே, அங்கிள். இது மெஷின்.”

“தெரியும்.”

“தெரிந்துமா?”

“இரண்டு பேரும் ஒரு பழைய சண்டையை முடித்துக்கொண்டிருக்கிறோம்,” என்றார். “நீ போ. கெட்டிக்காரப் பெண் நீ. போ.”

“அக்கா,” என்று மேலிருந்து இம்மானுவேல் கத்தினான். “முட்டை நாத்தம் வருதா உங்களுக்கு?”

அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். “இல்ல. போயிருச்சு.”

“போவல. வாயு ஏறி மூக்கு செத்துருச்சு. ஏறுங்க. இப்பமே ஏறுங்க.”

தர்ஷினி சரிவில் பாதி இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தாள். முழங்கால் எரிந்தது. நகங்களுக்குள் மண் ஏறியது. காதில் எந்தக் குரலும் இல்லை. இடது காலா வலது காலா என்று சொல்ல ஆளில்லை. தர்ஷினியின் கை எங்கே இழுத்ததோ அங்கே கால் போயிற்று. ஒரு இடத்தில் பாசி பெயர்ந்து இருவரும் சறுக்கினார்கள். தர்ஷினி ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு மறுகையை விடாமல் வைத்திருந்தாள். அந்தத் தோள் கழன்றுவிடும் என்று மனோரஞ்சிதம் நினைத்தாள். கழலவில்லை.

முகட்டின் மேல் காற்று இருந்தது. குளிர்ந்த, வாடையில்லாத காற்று. எல்லோரும் தரையில் விழுந்து கிடந்தார்கள்.

கீழே திடல் முழுதும் தெரிந்தது. எதுவும் மாறியது போலில்லை. பச்சை இலைகள், வெயில் திட்டுகள், கல் இருக்கைகள். ஓங் அங்கிருந்து அவர்களைப் பார்த்துக் கையை அசைத்தார். மனோரஞ்சிதமும் அசைத்தாள். அவர் கை இறங்கியது. மறுபடி ஏறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சாய்ந்தார், வண்டியில் தூங்குபவர் சாய்வது போல. அவ்வளவுதான். சத்தமே இல்லை.

யாரும் அழவில்லை. அழுவதற்கு முதலில் நம்ப வேண்டும்.

தர்ஷினி முகட்டின் மறுமுனையில் புதுப்பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். இம்மானுவேல் மனோரஞ்சிதத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டான்.

“உங்கள எப்படிக்கா பாலத்துக்கு அனுப்புச்சு?”

“நான் மெதுவா நடக்குறேன்னு.”

“அது உங்க மருமககிட்டச் சொன்ன சாக்கு. உங்க ரெண்டு பேருல ஒருத்தர்னா மெஷின் அவங்களத்தான் அனுப்பும். வயசு கம்மி, வேகம் ஜாஸ்தி, மூச்சு நல்லா இருக்கு. உங்களுக்கு முழங்கால் வேற. சந்தேகமே இல்ல, அவங்களத்தான்.”

“அப்புறம் ஏன் என்ன?”

இம்மானுவேல் தயங்கினான். பேச்சை ஆரம்பித்திருக்கவே கூடாது என்று நினைப்பது முகத்தில் தெரிந்தது.

“சொல்லு தம்பி.”

“ஒரே வீட்டு ஆளு ரெண்டு பேரு இருந்து, ஒருத்தருக்குத்தான் எடம்னா, மெஷின் தானா முடிவு பண்ணாது. பதிவு பண்ணுனவங்கள போன்ல கூப்புட்டுக் கேக்கும். யாருன்னு. முக்காவாசிப் பேரு பதில் சொல்ல மாட்டாங்க. அழுவாங்க, போன வச்சிருவாங்க. அப்பதான் அது தன் கணக்குக்குப் போவும்.” அவன் கீழே பார்த்தான். “உங்க விசயத்துல யாரோ பதில் சொல்லியிருக்காங்க.”

மனோரஞ்சிதத்துக்கு முதலில் வந்தது ஒரு சூடு. நெஞ்சிலிருந்து கழுத்து வரை பரவிய, இதமான சூடு. என் பிள்ளை என்னைச் சொல்லியிருக்கிறான். தகப்பன் இல்லாமல் வளர்த்த பிள்ளை. உலகத்தில் யார் வேண்டும் என்று கேட்டபோது அம்மா என்று சொல்லியிருக்கிறான்.

அந்தச் சூடு எவ்வளவு நேரம் இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. கண்ணை நிமிர்த்தியபோது எதிரே தர்ஷினி இருந்தாள். தன் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே, நடுங்கும் ஒருத்திக்குப் போத்தலைச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மனோரஞ்சிதம் குப்புறக் குனிந்து வாந்தி எடுத்தாள்.

“வாயுவா?” என்று ஓடிவந்தாள் தர்ஷினி. “அத்தை, மூச்சு முட்டுதா?”

“இல்ல,” என்றாள். “ஒண்ணுமில்ல. தண்ணி குடு.”

பிற்பகலில் முகமூடி அணிந்த மீட்புக்குழு அவர்களைக் கண்டுபிடித்துச் சுற்றுவழியாக இறக்கிக்கொண்டு போனது. அடிவாரத்தில் ஒரு பெரிய கூடத்தில் எல்லோரையும் சேர்த்திருந்தார்கள். பாலத்தைத் தாண்டியவர்கள் ஒருவர் விடாமல் பிழைத்திருந்தார்கள். மெஷின் போட்ட கணக்கில் பிசகில்லை.

புதுப்பெண்ணின் கணவன் அவளைக் கண்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அவனுக்கு எதுவும் தெரியாது, அவனும் ஏமாந்தவன்தான். இருந்தும் அவள் அவன் தலையில் கை வைக்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் விலையுயர்ந்த கேமரா தொங்கிய ஒருவர் இம்மானுவேலைத் தேடி வந்து, அனுப்பியவர்களில் தான் எத்தனையாவது ஆள் என்று தெரிந்துகொள்ள முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பரீட்சை முடிவைக் கேட்பவர் போல அவர் முகத்தில் ஆவல் இருந்தது. இம்மானுவேல் தன் கழுத்திலிருந்த கம்பெனி அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனான்.

கம்பெனிப் பெண் ஒருத்தி போனைக் கொண்டுவந்து மனோரஞ்சிதத்திடம் கொடுத்தாள். “உங்கள் மகன்.”

தர்ஷினி கூடத்தின் அந்தக் கோடியில், தோளில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனோரஞ்சிதம் போனைக் காதில் வைத்தாள்.

“லோகு.”

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. மூச்சு உடைந்த சத்தம். “அம்மா. அம்மா, நீயா? நெசமா நீதானா? சிக்னல் போயிருச்சுன்னாங்கம்மா. ஆள் அங்க இல்லன்னாங்க. நான் செத்துட்டேம்மா.”

“நான் நல்லா இருக்கேன்.”

“நான் உன் பேரத்தானேம்மா சொன்னேன். தெளிவாச் சொன்னேன். அப்புறம் எப்படி உன்ன விட்டாங்க? உன் பேர ரெண்டு தடவ சொன்னேம்மா.”

அவள் காத்திருந்தாள். அடுத்த மூச்சில் கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் கம்பெனியைத் திட்டினான். வழக்குப் போடப் போவதாகச் சொன்னான். அவளுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். சாப்பிட்டாயா என்று கேட்டான். பெற்று வளர்த்து, அவன் அழும் அழுகை ஒவ்வொன்றும் எதற்கென்று தெரிந்துவைத்திருந்தவளுக்கு, போனின் அந்தப் பக்கத்தில் இருப்பவன் யாரென்று ஒரு நிமிடம் தெரியவில்லை.

“லோகு,” என்றாள். “தர்ஷினி இங்கதான் இருக்கா.”

மறுமுனை அடங்கிப் போனது.

“அவதான் என்ன கையப் புடிச்சு மேல ஏத்துனா.”

அவன் இன்னும் இருக்கிறானா என்று பார்க்க அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இருந்தான்.

“அவளுக்குத் தெரியுமா?” என்றான் கடைசியில்.

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டுத் தர்ஷினியிடம் போனாள்.

தர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். “அவரா? எங்கிட்டக் குடுங்க அத்தை. பயந்துபோயிருப்பாரு. என்ன கேட்டாரு?”

ஒரே ஒரு வாக்கியம் போதும். உன்னைத்தான் முதலில் கேட்டான் என்று சொன்னால் போதும். தர்ஷினி நம்புவாள். தோள் வலி குறைந்ததுபோல் சாய்ந்து உட்காருவாள். இன்னும் பல வருடம் அந்த வீட்டில் அமைதியாக இருப்பாள். அந்த வாக்கியம் மனோரஞ்சிதத்தின் வாய்வரை வந்துவிட்டது. எவ்வளவு இதமாக, எவ்வளவு சுலபமாக வருகிறது என்று கண்டு அவள் திடுக்கிட்டாள்.

மருமகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் மடங்க மறுத்தது. மடக்கினாள்.

“தர்ஷினி, அந்த மெஷின் ரெண்டு பேருல ஒருத்தர்னா தானா முடிவு பண்ணாதாம். வீட்டுல கேக்குமாம். லோகுகிட்ட கேட்டிருக்கு.” மருமகளை நேராகப் பார்த்தாள். “அவன் என் பேரச் சொல்லியிருக்கான்.”

தர்ஷினியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஐஸ் கட்டி உருகித் தோளிலிருந்து கைவழியாக வழிந்து விரல்நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் யார் யாரோ பேசினார்கள். போன் மறுபடி அடித்தது. அடித்து ஓய்ந்தது.

“எவ்ளோ நேரம் யோசிச்சாராம்?” என்றாள் தர்ஷினி.

“அத நான் கேக்கல.”

தர்ஷினி தலையசைத்தாள். போன் மீண்டும் அடிக்கத் தொடங்கியது. இருவரும் அதைப் பார்த்தார்கள். தர்ஷினி கையை நீட்டினாள்.

“குடுங்க,” என்றாள். “நான் கேக்குறேன்.”